வைத்தியர் தாமஸ் சிடன்ஹாம்

குழந்தைகளைத் தாக்கும் தொத்து நோய்கள் ஆண்டு முழுவதும் ஒரே அளவாய் நிலவுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டென்பதை வீட்டு முதியோர் யாவரும் அறிவர். எனினும், எந்நோய் எம்மாதத்தில் தோன்றி, எப்போது உச்சமுற்று, எப்போது ஒழிந்தது என்பதைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் குறித்துவைத்து நூலாக்கியவர் சிலரே. அச்சிலருள் முதன்மையாக வைத்தெண்ணத் தக்கவர் லண்டன் வைத்தியராகிய தாமஸ் சிடன்ஹாம்.

இவர் 1624-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள டார்செட் ஜில்லாவில், வின்ஃபர்ட் ஈகிள் என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1642-இல் ஆக்ஸ்ஃபர்ட் சர்வகலாசாலையிற் சேர்ந்த சில மாதங்களுக்குள், அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டது. இளைஞர் படிப்பை விடுத்துப் பார்லிமெண்டின் பக்கம் நின்று போர் புரிந்தார். பின்னர் மீண்டு வந்து 1648-இல் வைத்தியப் பட்டம் பெற்று, லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் தொழில் நடத்தலாயினர்.

அக்காலத்து வைத்தியர் பலர் பண்டை நூல்களையே பெரிதும் நம்பியிருந்தனர். சிடன்ஹாமோ நோயாளியின் படுக்கையையே தம் நூலாகக் கொண்டார். 1661 முதல் 1675 வரை நகரிற் பரவிய நோய்களை ஆராய்ந்து, அப்பதினைந்து ஆண்டுகளையும் ஐந்து காலப் பகுதிகளாக வகுத்தார். 1670-ஆம் ஆண்டின் மணல்வாரி அம்மையைப் பற்றி அவர் எழுதியது இன்றும் படித்தற்குரியது. அது ஜனவரித் தொடக்கத்தில் தோன்றியது. பகலும் இரவும் ஒத்துநிற்கும் மார்ச்சு மாதம் வரை நாளுக்கு நாள் பெருகியது. பின்னர்த் தணிந்து ஜூலையில் ஒழிந்தது. 1674-லும் அந்நோய் ஜனவரியிலேயே தலைகாட்டிற்று. தடிப்புகள் மறைந்த பின் தொடரும் நுரையீரல் நோயே பிள்ளைகளின் உயிரைக் கவர்வது என்பதையும் அவர் கண்டறிந்தார்.

இவ்வாறு குறித்துவருகையில் அவருக்கு ஒரு பெரும் புதிர் எதிர்ப்பட்டது. குளிரும் வெப்பமும் மழையும் ஒத்திருந்த இருவேறு ஆண்டுகளில் வெவ்வேறு நோய்கள் பரவின. ஆதலின், கண்ணுக்குப் புலனாகும் சீதோஷ்ண நிலை மட்டும் காரணமாகாதென்று துணிந்தார். அத்துணிபு சரியே. ஆயின், பூமியின் உட்புறத்தினின்று எழும் மறைவான ஆவிகள் காற்றைக் கெடுக்கின்றன என்று அவர் கூறிய விடை பிழையாயிற்று.

அவருடைய பெருந்தொண்டு பெரியம்மைச் சிகிச்சையில் விளங்குகின்றது. அம்மை கண்ட குழந்தையைக் கம்பளிகளால் மூடி, சாளரங்களை அடைத்து, அறையில் நெருப்பு மூட்டி வியர்க்கச் செய்வது அந்நாளைய வழக்கம். சிடன்ஹாம் போர்வையைக் குறைத்தார். நல்ல காற்றை உட்புகவிட்டார். குளிர்ந்த பானங்களைக் கொடுத்தார். பெற்றோர் அஞ்சினர், வைத்தியர் பலர் இகழ்ந்தனர். அவரோ தம் கண்கண்டதைக் கைவிட்டிலர். எனினும், மணல்வாரிக்குப் பின்வரும் நுரையீரல் நோய்க்குச் சிறு பிள்ளைகளிடத்தும் இரத்தம் வாங்கும் பழைய வழக்கத்தை அவர் விடவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

1666-இல் காய்ச்சல்களைப் பற்றிய அவரது முதல் நூலும், 1676-இல் அதன் விரிவாகிய பெருநூலும் லத்தீன் மொழியில் வெளிவந்தன. தத்துவ ஞானியாகிய ஜான் லாக் அவருக்கு நண்பராயிருந்து, நோயாளிகளைப் பார்க்க உடன் செல்வதுண்டு. கீல்வாத நோயால் நெடுநாள் வருந்திய சிடன்ஹாம், 1689 டிசம்பர் 29-இல் உயிர் நீத்தார். ஆங்கில நாட்டு ஹிப்போக்ரட்டீஸ் என்று பின்னோர் அவரைப் போற்றினர்.

அவர் விட்டுச்சென்ற புதிருக்கு விடை பிற்காலத்தே கிடைத்தது. 1954-இல் மணல்வாரியின் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1963-இல் அதற்குத் தடுப்பு மருந்து வந்தது. நோய் பரவக் கிருமியும், அதனை முன்பு பெறாத குழந்தைகளும், அவர்கள் நெருங்கிக் கூடுதலும் வேண்டும். முன்னமே பலரும் நோயுற்று எழுந்துவிட்ட ஆண்டில், குளிர் எத்துணைக் கடிதாயினும் நோய் பரவ இடமின்றிப் போகும். பருவம் பெரும்பாலும் மக்களைக் கூட்டியும் பிரித்துமே தன் வேலையைச் செய்கின்றது. தடுப்பு மருந்துக்கு முன் இங்கிலாந்தில், கோடை விடுமுறையில் தணிந்த மணல்வாரி, பள்ளிகள் திறந்தபின் மீண்டும் பெருகும். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டிலோ, மழைக்காலத்தில் வயல்களுக்குச் சிதறிய மக்கள் வறண்ட பருவத்தில் நகரங்களில் நெருங்கும்போது அது பெருகுகின்றது. இரவில் வானிலிருந்து எடுத்த விளக்கொளிப் படங்களைக் கொண்டு, 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை நிறுவியது.

சிடன்ஹாம் கூறிய காரணம் மறைந்தது. அவர் குறித்த மாதங்கள் நிலைத்தன. கற்பனை செய்த விடை காலத்தால் அழியினும், கண்டதைக் கண்டவாறே எழுதியது அழியாது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை உள்ளத்திற் கொள்வாராக.