கேட்டுச் செய்த கிரேஸ் ஹாப்பர்

மென்பொருள் பொறியியல் படிக்கும் நண்பர்கள் தேவை திரட்டல் என்ற பாடத்தைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது. பயன்படுத்தப் போகிறவரைக் கேட்டு, அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு செய் என்பதே அதன் சாரம். அது பாடமாவதற்கு வெகு முன்பே அப்படிச் செய்து காட்டியவர் கிரேஸ் ஹாப்பர்.

1906-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் கற்பித்தார். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்த அவரை 1944-இல் ஹார்வர்டின் மார்க் 1 கணினிக்கு அனுப்பினார்கள். அங்கு வந்த கணக்குகள் கடலியல், கண்ணிவெடி அகற்றல் என்று துறைக்கொன்றாக இருந்தன. கணக்கைக் கொண்டுவந்தவரின் சொற்களை முதலில் கற்றால்தான் கணக்கையே போட முடியும் என்பது அவருக்கு அங்கேதான் பிடிபட்டது.

1949-இல் யூனிவாக் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனத்தில் சேர்ந்தார். இங்கே வாடிக்கையாளர்கள் சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் பார்ப்பவர்கள். கணிதக் குறியீட்டைக் கண்டாலே ஒதுங்குபவர்கள். அவர்களுக்குக் குறியீட்டைக் கற்பிப்பதைவிடக் கணினிக்கு அவர்களுடைய சொற்களைக் கற்பிப்பதே முறை என்று ஹாப்பர் கருதினார். 1953 இறுதியில் ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்று முன்மொழிந்தபோது, நடவாத காரியம் என்று நிர்வாகம் தள்ளிவிட்டது.

அவர் விடவில்லை. 1955-இல் ஒரு சிறு முன்மாதிரியை இயக்கிக் காட்டினார். சொல் எதுவானாலும் கணினிக்கு ஒன்றுதான் என்று விளக்க, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். பிலடெல்பியாவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்று நிர்வாகம் மிரண்டுபோனது! (தமிழில் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.) ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லித்தான் அவர்களைச் சமாதானப்படுத்த முடிந்தது.

அந்த முயற்சி ஃபுளோமேட்டிக் மொழியானது. 1959 மே மாதம் பென்டகனில் அரசுத் துறையினர், பயனர்கள், கணினி உற்பத்தியாளர்கள் என்று சுமார் 40 பேர் கூடி, வணிகத்துக்குப் பொதுமொழி ஒன்று வேண்டுமென்று முடிவெடுத்தார்கள். அதன் பயனே கோபோல். ஹாப்பரே கோபோலைப் படைத்தார் என்பது மிகை. வடிவமைத்தது ஒரு குழு, அவர் ஆலோசகர். ஆனால் அதன் எலும்பும் நரம்பும் ஃபுளோமேட்டிக்கிலிருந்து வந்தவை.

பிறர் சொல்வதைக் கேட்டது போலவே, பிறருக்குப் புரியச் சொல்லவும் அவருக்குத் தெரியும். செயற்கைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதமாகிறது என்று கேட்ட கடற்படைத் தளபதிகளிடம் 30 செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கம்பித் துண்டைக் கொடுப்பார். ஒரு நானோநொடியில் ஒளி செல்லக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

1986-இல், தமது 79-ஆவது வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 புத்தாண்டு நாளில் காலமானார். கோபோல் நிரல்கள் இன்றும் பல வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.