குவாந்தான் கடலில் மூழ்கிய இரண்டு கப்பல்கள்: அட்மிரல் யமமோத்தோவின் கதை

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அம்பாங் பெச்சா, கோலகுபுபாரு பக்கத்துப் பெரியவர்கள் பேசினால் சைக்கிளில் வந்த சிப்பாய், மரவள்ளிக்கிழங்கு, சயாம் ரயில் மூன்றும் தவறாமல் வரும். யமமோத்தோ இசோரோகு என்ற பெயர் வராது. ஆனால் அந்த மூன்றுக்கும் பின்னால் கடலில் நடந்தவற்றில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1884-இல் ஜப்பானின் நாகவோகா ஊரில் பிறந்தவர். இசோரோகு என்றால் ஐம்பத்தாறு என்று பொருள். அவர் பிறந்தபோது தந்தைக்கு வயது 56. (நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கு இப்படிப் பெயர் இருந்தால் என்ன பாடுபடுவான்!) 1905-இல் ரஷ்யாவுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் இடது கையில் இரண்டு விரல்களை இழந்தார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வார்டில் படித்தார். வாஷிங்டனில் கடற்படைப் பிரதிநிதியாகவும் இருந்தார். அமெரிக்காவின் எண்ணெய் வளத்தையும் தொழிற்சாலைகளையும் நேரில் கண்டவர் என்பதால், அந்த நாட்டோடு போர் வேண்டாம் என்ற பக்கமே நின்றார். ஜெர்மனியுடன் கூட்டுச் சேர்வதையும் எதிர்த்தார். அதனால் தீவிரவாதிகளின் கொலை மிரட்டல் வந்தது. 1939-இல் அவரைக் கரையிலிருந்து விலக்கி, கூட்டுக் கடற்படையின் தளபதியாகக் கடலுக்கு அனுப்பினார்கள்.

அக்காலத்தில் கடற்படை என்றால் பெரிய பீரங்கிகள் ஏற்றிய போர்க்கப்பல்தான். பீரங்கிக் குண்டு சுமார் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போகும். விமானம் அதைப்போல் பல மடங்கு தூரம் போய்த் தாக்கிவிட்டுத் திரும்பும். யமமோத்தோ நாற்பது வயதில் விமானப் பயிற்சித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அக்காகி என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தார். நீண்டதூரக் குண்டுவீச்சு விமானங்களை உருவாக்கத் தூண்டினார்.

அரசு போர் என்று முடிவு செய்ததும், வேண்டாம் என்றவரே திட்டம் போட்டார். 1941 டிசம்பரில் ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 350 விமானங்கள் ஹவாயின் பேர்ல் ஹார்பரைத் தாக்கின. அதே நேரத்தை ஒட்டி, நம் நாட்டுத் தேதிப்படி டிசம்பர் 8-இல், கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது.

அதைத் தடுக்கச் சிங்கப்பூரிலிருந்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் பிரிட்டிஷ் கப்பல்கள் கிளம்பின. உடன் சேர்க்க எண்ணியிருந்த விமானம் தாங்கிக் கப்பல் இண்டோமிட்டபிள், நவம்பரில் ஜமைக்கா அருகே தரைதட்டியிருந்தது. தலைக்கு மேல் காவல் விமானம் ஒன்றுகூட இல்லை. டிசம்பர் 10 பகலில், இந்தோசீனத் தளங்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் குவாந்தானுக்கு அப்பால் குண்டும் டார்பிடோவும் போட்டு இரண்டையும் மூழ்கடித்தன. 840 மாலுமிகள் மாண்டார்கள். அந்த விமானங்கள் யமமோத்தோ ஊக்குவித்து வளர்த்த நீண்டதூர வகையைச் சேர்ந்தவை.

வெள்ளைக்காரனின் கப்பல் இருக்கும்வரை பயமில்லை என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. மூன்றே வாரத்தில், ஜனவரி தொடக்கத்தில், ஜப்பானியர் படகிலேயே கோலசிலாங்கூர் கரைக்கு வந்தார்கள். 7-ஆம் தேதி சிலிம் ரிவர் விழுந்தது. 11-இல் கோலாலம்பூர்.

அமெரிக்காவின் விமானம் தாங்கிக் கப்பல்கள் பேர்ல் ஹார்பரில் அன்று இல்லை; அதுதான் அவருக்கு எமனாக வந்தது. 1942 மே மாதம் பவளக்கடலில் நடந்த சண்டையில் இருதரப்புக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கவேயில்லை, விமானங்களே மோதின. ஜூன் 4-இல் மிட்வே தீவருகே, அவருடைய இரகசியச் செய்திகளை முன்பே படித்துவிட்ட அமெரிக்கர்கள் காத்திருந்தார்கள். எண்ணெயும் குண்டும் நிரப்பிய விமானங்கள் உள்ளே நின்ற நேரத்தில் குண்டு விழுந்ததால் கப்பல்களே அடுப்பாகிவிட்டன. அக்காகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் போயின. யமமோத்தோ அப்போது பல நூறு மைல் பின்னால், யமாத்தோ என்ற பிரம்மாண்டப் போர்க்கப்பலில் இருந்தார். அந்த வகைக் கப்பலைக் கட்டுவதே வீண் என்று வாதாடியவரும் அவர்தான்.

நமக்கு வந்த வினை இங்கேதான் தொடங்குகிறது. கடல் இனி ஜப்பானியருக்குப் பத்திரமில்லை. சிங்கப்பூரைச் சுற்றிப் பர்மாவுக்குப் போகும் கப்பல்களை நீர்மூழ்கிகள் வேட்டையாடும் அபாயம். ஆகவே தரைவழியாக 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானிய இராணுவம் முனைந்தது. அந்த முடிவு யமமோத்தோவுடையதல்ல. ஆனால் 1943-இல் அந்தப் பாதைக்குத்தான் சிலாங்கூர் தோட்டங்களிலிருந்தும் நம் ஆட்களைப் பல்லாயிரக்கணக்கில் கூட்டிப் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் போனவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் யமமோத்தோவின் பயணச் செய்தியையும் அமெரிக்கர்கள் படித்துவிட்டார்கள். 18-ஆம் தேதி பூகன்வில் தீவின் மேல் அவர் வந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். குவாந்தானில் ரிபல்ஸைத் தாக்கியவற்றில் இருந்த அதே ரகம் அது. தூரம் போவதற்காகப் பாதுகாப்புக் கவசத்தைக் குறைத்துக் கட்டியது, எளிதில் தீப்பற்றும். மறுநாள் காட்டுக்குள் உடலைக் கண்டெடுத்தார்கள். ஜூன் 5-இல் தோக்கியோவில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அதே மாதங்களில் நம் தோட்டத்து ஆட்களை ஏற்றிய சரக்கு வண்டிகள் சயாமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.