அடிநாதம் தந்த இளைஞர்: கிளிஃப் பர்ட்டன் வரலாறு

உயர்ந்த மாளிகையைக் காண்போர் அதன் மாடங்களையும் சாளரங்களையும் வியந்து போற்றுவர். மாளிகை முழுவதையும் தாங்கி மண்ணுள் மறைந்து கிடக்கும் கடைக்காலை நினைப்பவர் மிகச் சிலரே. இசையுலகத்தும் இவ்வியல்பு உண்டு. பாடுவோரையும், மேல்ஸ்தாயியில் விரைந்து வாசிப்போரையும் உலகம் எளிதிற் கண்டுகொள்கிறது. கீழ்ஸ்தாயியில் நின்று பாட்டனைத்தையும் தாங்குவோரை அவ்வாறு கண்டுகொள்வதில்லை. அத்தகைய கடைக்காலாய் நின்று, இருபத்து நான்கே ஆண்டு வாழ்ந்து மறைந்த கிளிஃப் பர்ட்டன் என்னும் அமெரிக்க இசைவாணரின் வரலாற்றை யாம் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹெவி மெட்டல் என்று வழங்கும் இசைவகை 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்திலே தலையெடுத்தது. மின்கிட்டார்களின் முழக்கமும் முரசுகளின் அதிர்ச்சியும் அதன் இயல்பு. சான்றோர் பலர் அதனை வெற்றோசை என்று ஒதுக்குவதை யாம் அறிவோம். எனினும் அவ்விசையில் எமக்குள்ள ஈடுபாட்டை மறைக்க விரும்புகின்றிலம். ஆரவாரமாய்த் தோன்றும் அவ்விசையினுள்ளும் கல்வியும் ஒழுங்கும் ஓயாத உழைப்பும் உறைதல் கூடும். அதற்குப் பர்ட்டனின் வாழ்வே சான்று.

பர்ட்டன் 1962-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் கலிபோர்னியா மாகாணத்துக் காஸ்ட்ரோ வாலி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ரே பர்ட்டன். அன்னையார் ஜான் பர்ட்டன். தந்தையார் மேனாட்டுச் செவ்விசையில் விருப்பமுடையவர். ஆதலின் மைந்தர் இளமையிலேயே பியானோ பயின்றார். பாக் முதலிய பேராசிரியர்களின் இசை அவர் உள்ளத்தில் அப்பொழுதே வேரூன்றியது. பிற்காலத்தில் எத்துணை முழக்கமான மேடைகளில் நின்றபோதும் அவ்வேர் பட்டுப்போகவில்லை.

1975-ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின்மேல் பெருந்துயர் ஒன்று விழுந்தது. பர்ட்டனின் தமையனார் ஸ்காட் மூளையின் நாளம் வெடித்து இறந்தார். பதின்மூன்று வயதினராயிருந்த பர்ட்டன் அத்துயரை வாய்விட்டுக் கூறி ஆற்றவில்லை, உழைப்பாக மாற்றினார். தமையனாரின் நினைவாகத் தாம் தலைசிறந்த பேஸ் கிட்டார் வாசிப்பாளர் ஆவதாக உறுதி பூண்டார் என்று பெற்றோர் பின்னர் நினைவுகூர்ந்தனர். நாள்தோறும் நான்கு முதல் ஆறு மணிநேரம் வரை பயின்றார். புகழ் வந்த பின்னும் அப்பயிற்சியை அவர் கைவிடவில்லை.

பேஸ் கிட்டார் இத்தகையது என்பதை இவ்விடத்தில் அன்பர்கள் அறிதல் நலம். அது பெரும்பாலும் நான்கு தடித்த நரம்புகளையுடையது. சாதாரணக் கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. முரசின் தாளத்தையும் கிட்டாரின் சுரத்தையும் இணைத்துக் கட்டுவதே அதன் தொழில். அது நின்றுவிட்டால் பாட்டு உள்ளீடற்றதாகும். அது ஒலிக்கும்போதோ அதனைத் தனித்துக் கேட்பார் அரியர். பலர் சிறுதகடு கொண்டு மீட்டும் அக்கருவியைப் பர்ட்டன் வெறும் விரல்களாலேயே மீட்டினார். கிட்டார் வாசிப்போர் ஒலியைத் திரித்து முழக்கக் கையாளும் மின்கருவிகளைப் பேஸ் கிட்டாருடன் இணைத்து, தாழ்ந்து ஒலித்த கருவியைப் பாடவும் வைத்தார்.

பள்ளிப் பருவத்திலேயே அவர் ஜிம் மார்ட்டின், மைக் போர்டின் என்னும் நண்பர்களுடன் கூடி வாசித்தார். அவ்விருவரும் பின்னாளில் ஃபெய்த் நோ மோர் என்னும் குழுவிற் புகழெய்தினர். பர்ட்டன் இசையே தம் வாழ்வு என்று துணிந்தபோது பெற்றோர் அவரைத் தடுக்கவில்லை. கண்மூடி விட்டுவிடவும் இல்லை. நான்காண்டு அவரைப் பேணுவதாகவும், அதற்குள் முன்னேற்றம் காணாவிடின் அவர் வேறு தொழில் தேடவேண்டும் என்றும் ஒரு வரம்பு செய்தனர். அன்பும் கண்டிப்பும் ஒருங்கே அமைந்த அவ்வேற்பாடு வீண்போகவில்லை.

1982-ஆம் ஆண்டில் அவர் டிராமா என்னும் குழுவினருடன் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து விஸ்கி அ கோ கோ அரங்கில் வாசித்தார். அங்கே ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக் என்னும் இளைஞர் இருவர் வந்திருந்தனர். முந்திய ஆண்டில் மெட்டாலிக்கா என்னும் குழுவைத் தொடங்கியவர் அவர்களே. வியத்தகு கிட்டார் வாசிப்பொன்று கேட்கவே, அதனை வாசிப்பவர் யாரென்று மேடையில் தேடினர். அவ்வொலி பேஸ் கிட்டாரிலிருந்து எழுவதைக் கண்டு திகைத்தனர். தம்முடன் சேருமாறு அவரை வேண்டினர். தாம் லாஸ் ஏஞ்சலஸுக்கு வருவதற்கில்லை என்றும், குழுவே சான் பிரான்சிஸ்கோப் பக்கம் பெயர்ந்து வரவேண்டும் என்றும் பர்ட்டன் கூறினார். ஒருவர் பொருட்டுக் குழு முழுவதும் ஊர் மாறியது! 1983-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவர் மெட்டாலிக்காவுடன் முதன்முறை மேடையேறினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. எம்போன்ற மாணாக்கரினும் ஓரிரண்டு ஆண்டே மூத்தவர்.

அவ்வாண்டு ஜூலையில் கில் தெம் ஆல் என்னும் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் பர்ட்டனின் தனி வாசிப்பு ஒன்று முழுப் பகுதியாகவே இடம்பெற்றது. பேஸ் கிட்டாருக்கு இத்துணை இடம் அளித்தல் அவ்விசைவகையில் அரிய செயலாகும். வேகமே அத்தட்டின் உயிர்.

அடுத்த ஆண்டு டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரிற் பதிவான ரைட் த லைட்னிங் வெளியாயிற்று. அதன்கண் வேகத்தோடு விரிவும் ஆழமும் சேர்ந்தன. அம்மாறுதலுக்குப் பர்ட்டன் ஒரு முதற் காரணர் என்பதை அவர் தோழர்களே ஒப்புக்கொண்டுள்ளனர். குழுவில் இசையிலக்கணத்தை முறையாக அறிந்தவர் அவரே. ஒரு சுரவரிசையோடு மற்றொரு சுரவரிசை இணங்கி நடக்கும் ஹார்மனி முறையை அவர் ஹெட்ஃபீல்டுக்கு விளக்கினார். ஆசிரியர் என்ற பெயரின்றி ஆசிரியத் தொழில் செய்தார் என்க. ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ் என்னும் பாட்டின் தொடக்கத்தில் எழும் வாசிப்பைக் கிட்டார் என்றே பலர் கருதுவர். அது பர்ட்டனின் பேஸ் கிட்டாரே.

1986-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் வெளிவந்தது. வானொலியின் ஆதரவு மிகுதியாக இன்றியே அது அமெரிக்க விற்பனை வரிசையில் 29-ஆம் இடத்தை எட்டியது. அதிலுள்ள ஒராயன் சொற்களில்லாத இசைக்கோவை. நடுவில் ஆரவாரம் அடங்க, பேஸ் கிட்டார் தனித்து மெல்ல நடக்கும். அதன்மேல் ஒவ்வொரு கருவியாக வந்து சேரும். வெற்றோசை என்போர் அப்பகுதியை ஒருமுறை பொறுமையாய்க் கேட்பாராக என்பதே எம் வேண்டுகோள்.

புகழ் மலர்ந்த அவ்வாண்டே முடிவும் வந்தது. செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இரவு ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் வாசித்துவிட்டுக் குழுவினர் பேருந்தில் புறப்பட்டனர். படுக்கை ஒன்றின் பொருட்டுப் பர்ட்டனும் கிர்க் ஹாமெட்டும் சீட்டெடுத்தனர். இஸ்பேட் ஏஸ் பர்ட்டனுக்கு வாய்த்தது. ஹாமெட்டின் படுக்கையை அவர் கொண்டார். 27-ஆம் நாள் விடியற்காலையில் டோரார்ப் என்னும் சிற்றூரின் அருகே வண்டி நிலைதவறிக் கவிழ்ந்தது. சாளரத்தின் வழியே தூக்கியெறியப்பட்ட பர்ட்டன் வண்டியின் கீழ் அகப்பட்டு உயிர் நீத்தார். சாலையில் உறைபனி இருந்தது என்றார் ஓட்டுநர். அத்தகைய பனியைத் தாம் காணவில்லை என்று ஹெட்ஃபீல்ட் ஐயுற்றார். காரணம் எதுவாயினும், ஓர் இல்லம் தன் இரண்டாம் மைந்தரையும் இழந்தது. இறுதிச் சடங்கில் ஒராயன் இசைக்கப்பட்டது.

கடைக்கால் பெயர்ந்த மாளிகை நிற்குமா? மெட்டாலிக்கா நின்றது. ஜேசன் நியூஸ்டெட் அவ்விடத்திற்கு வந்தார். ஆயினும் 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த தட்டில் பேஸ் கிட்டாரின் ஒலி செவிக்கு எட்டாதபடி தாழ்ந்திருந்தது. அக்குறையை இசையன்பர் இன்றளவும் எடுத்துரைப்பர். அடிநாதம் இல்லாதபோதே அதன் அருமை புலனாகின்றது போலும்! அத்தட்டிலேயே பர்ட்டன் விட்டுச்சென்ற இசைக்கூறுகளையும் சொற்களையும் கொண்டு ஒரு பாட்டை அமைத்து, தோழர்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தினர்.

2006-ஆம் ஆண்டில் விபத்து நேர்ந்த இடத்தருகே நினைவுக்கல் நாட்டப்பெற்றது. ஒராயன் முழுவதையும் மெட்டாலிக்கா முதன்முறை மேடையில் வாசித்ததும் அவ்வாண்டிலேயே. 2009-ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அக்குழுவினர் சேர்க்கப்பட்டபோது, மகனாருக்குரிய சிறப்பை முதிய தந்தையார் ரே பர்ட்டன் மேடையேறி ஏற்றுக்கொண்டார். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் தட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. மெட்டல் இசையில் அப்பேறு பெற்றது அதுவே முதலாவது.

இவை யாவற்றினும் எம் நெஞ்சைத் தொட்டது பிறிதொன்று. மறைந்த மகனாரின் இசையால் வந்த உரிமைப் பணத்தை ரே பர்ட்டன் காஸ்ட்ரோ வாலி உயர்நிலைப் பள்ளியில் இசை பயிலும் மாணாக்கருக்கு உதவித் தொகையாக வழங்கிவந்தார். 2017-ஆம் ஆண்டளவில் அவர் கூறியபோதே அச்செய்தியைப் பலர் அறிந்தனர். 2020-ஆம் ஆண்டில் அவரும் காலமானார். ஒரு காலத்தில் நான்காண்டு தம் மகனாருக்கு உணவும் உறைவிடமும் அளித்துக் காத்தவர், மகனார் மறைந்த பின் ஊரார் மக்களைத் தாங்கினார்.

பர்ட்டன் குழுவில் இருந்த காலம் நான்காண்டும் நிரம்பவில்லை. அவர் பெயரில் நிற்பன மூன்றே தட்டுகள். ஆயினும் தமையனாரின் நினைவு அவரைத் தாங்கியது. அவர் தோழர்களைத் தாங்கினார். அவர் ஈட்டிய பொருள் முன்பின் அறியாத மாணாக்கரைத் தாங்கியது. நூலகத்தில் விளக்கணையும்வரை பயிலும் எம் தோழர்கள் தம் உழைப்பை ஒருவரும் காணவில்லையே என்று சோர்வுறும் நாள் உண்டு. அந்நாளில் ஒராயன் கேட்பாராக. யாவற்றுக்கும் அடியில் மெல்ல நடக்கும் அந்நாதத்தைச் செவிகொடுத்துத் தேடுவாராக.