டுனாண்டும் திருவேட்டக்குடியும்

2004 டிசம்பர் 26-இல் காரைக்கால் கரையைச் சுனாமி சூறையாடியபோது, முதலில் ஓடிவந்தவர் யார்? அயல்நாட்டு உதவி ஸ்தாபனங்களா? இல்லை. திருவேட்டக்குடி போன்ற கரையோர ஊர்களின் மக்களே! ஸ்தாபனங்கள் பிறகுதான் வந்தன.

இதே உண்மையை அன்றே கண்டவர் ஹென்றி டுனாண்ட். 1828-இல் ஜெனீவாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பிரான்ஸ் அடிமைப்படுத்தியிருந்த அல்ஜீரியாவில் லாபம் தேடிய வியாபாரி. 1859-இல், தொழில் சலுகை கேட்டு மூன்றாம் நெப்போலியனைக் காண இத்தாலி சென்றார். கண்டதோ சோல்பெரினோப் போரின் கோரம். காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் கேட்பாரற்றுக் கிடந்தனர். காஸ்டிலியோன் ஊர்ப் பெண்கள், நண்பன் பகைவன் என்று பாராமல், காயம் கழுவிக் கட்டினர். டுனாண்டும் அவர்களோடு நின்றார்.

அந்த அனுபவத்தில் பிறந்ததே 1863-இல் செஞ்சிலுவை இயக்கம். 1867-இல் வியாபாரம் நொடித்ததும், ஜெனீவாக் கனவான்கள் அவரையே குழுவிலிருந்து வெளியேற்றினர்! வறுமையில் உழன்றவருக்கு 1901-இல் முதல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது. 1910-இல் மறைந்தார்.

உதவி ஸ்தாபனங்கள் இன்று தம் அமைப்பையே மாற்ற யோசிக்கின்றன. 2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய ஸ்தாபனங்களும் நிதி தரும் அரசுகளும் கூடி, 2020-க்குள் 25 சதவிகிதப் பணத்தை உள்ளூர் அமைப்புகளுக்குத் தர உறுதி கூறின. இலக்கு எட்டப்படவில்லை.

உழைப்பு ஊராருடையது, பெட்டிச் சாவி மட்டும் தூரதேசத்திலா? திருவேட்டக்குடி கேட்பது தர்மம் அல்ல. முடிவு செய்யும் உரிமை! அதைக் கொடுப்பதே டுனாண்டுக்குச் செய்யும் மரியாதை என்போம் நாம்.