ஏழைக்காக எழுந்து நின்ற சட்டத்தரணி: கிளாரா போல்ட்ஸ் அம்மையார்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். எமது சங்கத்தில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. அவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு சட்டத்தரணியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு.

வைத்திய அதிகாரியாகக் கடமையேற்ற ஆரம்ப காலத்தில், ஒரு வழக்கில் சாட்சியம் அளிப்பதற்காக நீதிமன்றம் சென்றிருந்தேன். காயத்தின் நீளம், ஆழம், அது எத்தகைய பொருளினால் ஏற்பட்டிருக்கலாம் என்பனவற்றை அறிக்கையில் உள்ளவாறே சொன்னேன். எதிரிக் கூண்டில் நின்றவருக்குச் சட்டத்தரணி இல்லை. வைத்தியரிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாரா என்று அவரிடம் வினவப்பட்டது. சாரத்தின் முனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பின் இல்லையென்று தலையசைத்தார். கீழே விழுந்தாலும் அத்தகைய காயம் ஏற்பட்டிருக்கக் கூடும். யாராவது கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

பல வருடங்களின் பின் கிளாரா ஷோர்ட்ரிட்ஜ் போல்ட்ஸ் அம்மையாரின் வரலாற்றை வாசித்தபோது அந்த மனிதரின் முகமே முதலில் நினைவுக்கு வந்தது. கேட்கத் தெரியாதவருக்காகக் கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு அரசே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே வாதாடியவர் அவர். அமெரிக்காவில் இன்று பொதுப் பாதுகாவலர் என அழைக்கப்படும், வசதியற்ற எதிரிகளுக்காக வாதாடும் அரச சட்டத்தரணிப் பதவி உருவாவதற்கு வித்திட்டவரும் அவரே.

அம்மையார் 1849ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் சட்டம் பயின்றவர். பின்னர் கிறிஸ்தவப் போதகரானவர். குடும்பம் அயோவா மாநிலத்தின் மவுண்ட் பிளசன்ட் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த பெண்கள் கல்லூரியொன்றில் சில ஆண்டுகள் படித்ததே அவர் முறையாகப் பெற்ற கல்வி. அதே ஊரில்தான் 1869இல் அரபெல்லா மான்ஸ்பீல்ட் என்ற பெண், அமெரிக்காவின் முதற் பெண் சட்டத்தரணியாக அனுமதி பெற்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் அதற்கு முன்னரே கிளாராவின் படிப்பு நின்றுவிட்டது. சிறிது காலம் பள்ளியொன்றில் கற்பித்த அவர், 1864இன் இறுதியில், பதினைந்து வயதில், பெற்றோர் அறியாமல் ஜெரமையா போல்ட்ஸ் என்ற இளம் படைவீரரை மணந்துகொண்டார்.

ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். வறுமை துரத்த, குடும்பம் அயோவாவிலிருந்து ஒரிகனுக்கும் அங்கிருந்து கலிபோர்னியாவின் சன் ஜோசே நகருக்கும் பெயர்ந்தது. சில காலத்தில் கணவர் குடும்பத்தைக் கைவிட்டார். 1879இல் விவாகரத்து ஆயிற்று. ஆயினும் அம்மையார் தம்மை விதவை என்றே வெளியில் சொல்லிவந்தார். கைவிடப்பட்டவள் என்ற பெயரோடு வாழ்வதைவிட விதவை என்ற பெயரோடு வாழ்வது அக்காலத்தில் எளிது. ஊர் வாய்க்கு அஞ்சும் இந்த நிலையை எமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு தொழில் வேண்டும். பெண்களின் வாக்குரிமை பற்றி மேடைகளில் பேசி ஓரளவு உழைத்தார், அது போதவில்லை. சட்டம் படிக்கலாம் என எண்ணினார். அக்காலத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் சேர்ந்து படிப்பதே வழக்கம். பெயர் பெற்ற உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரை அணுகியபோது, பெண்ணுக்குரிய இடம் வீடே என்று அவர் எழுதி மறுத்துவிட்டார். வேறொரு சட்டத்தரணி இடங்கொடுத்தார். பிள்ளைகளைத் தாயார் பார்த்துக்கொள்ள, கிளாரா படித்தார்.

அடுத்த தடை சட்டத்திலேயே இருந்தது. வெள்ளை இன ஆண் ஒருவரே சட்டத்தரணியாகலாம் என்று கலிபோர்னியாச் சட்டம் கூறியது. எனவே அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அம்மையாரே வரைந்தார். தலைநகர் சக்கரமெந்தோவுக்குச் சென்று உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கண்டு பேசினார். ஒருமுறை தோல்வியுற்ற மசோதா, மறுபடி எடுக்கப்பட்டு மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. 1878ஆம் ஆண்டின் அந்தக் கூட்டத்தொடர் முடிவடையும் கடைசி நேரத்தில் ஆளுநர் வில்லியம் இர்வின் கையெழுத்திட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் அம்மையார் சட்டத்தரணியாக அனுமதிக்கப்பட்டார். பசிபிக் கரையோர மாநிலங்களிலேயே முதற் பெண் சட்டத்தரணி அவர்தான்.

இனியும் முறையாகக் கற்கவேண்டும் என்ற ஆவலில், சன் பிரான்சிஸ்கோவில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில் 1879 ஜனவரியில் சேரச் சென்றார். லோரா டி போர்ஸ் கோர்டன் என்ற மற்றொரு பெண்ணும் உடன் விண்ணப்பித்திருந்தார். இருவருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. பெண்களின் பாவாடைச் சரசரப்பு ஆண் மாணவரின் கவனத்தைக் குலைக்கும் என்பதும் அந்நாளில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இருவரும் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றத்தில் வென்று, மாநில உயர் நீதிமன்றத்திலும் அதே ஆண்டில் வென்றனர். ஆனால் வழக்கு முடிந்தபோது அம்மையாரிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. தாம் திறந்துவைத்த கதவின் வழியே உள்ளே சென்று படிக்க அவருக்கு இயலவில்லை. அதே ஆண்டு எழுதப்பட்ட கலிபோர்னியாவின் புதிய அரசியலமைப்பில், பெண் என்பதற்காக எவரையும் எந்தத் தொழிலிலிருந்தும் விலக்கக் கூடாது என்ற பிரிவு இடம்பெறுவதற்கும் இவ்விரு பெண்களின் உழைப்பு துணைநின்றது.

இங்கிருந்துதான் அம்மையாரின் வாழ்வின் முக்கிய பகுதி ஆரம்பமாகிறது. பெரிய நிறுவனங்களும் செல்வந்தரும் பெண் சட்டத்தரணியைத் தேடி வரவில்லை. வந்தவர்கள் வேறு எங்கும் போக வழியற்றவர்கள்: கைவிடப்பட்ட மனைவியர், குடியேறிய தொழிலாளர், சிறு குற்றங்களுக்காகப் பிடிபட்ட இளைஞர். அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றபோது, வழக்கு நடைபெறும் விதத்தை அவர் உள்ளிருந்து கண்டார்.

சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று கலிபோர்னியாச் சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் அவருக்கு ஊதியம் இல்லை. ஆகவே அனுபவமற்ற இளைஞர் வருவார். அல்லது நீதிமன்ற வாசலில் காத்திருந்து, எதிரியின் குடும்பத்தாரிடம் இருக்கும் கடைசிக் காசையும் கறந்துகொள்பவர் வருவார். மறுபுறத்தில் வழக்குத்தொடுநருக்கோ அரச சம்பளமும், புலனாய்வாளரும், சாட்சிகளை அழைக்கும் வசதியும் இருந்தன. எத்தனை பேரைத் தண்டித்தார் என்பதே அவருடைய திறமைக்கு அளவுகோலாகவும் இருந்தது. அம்மையாரின் வாதங்களுக்குப் பதில் கூற இயலாத வழக்குத்தொடுநர்கள், அவர் ஒரு பெண், பெண்ணுக்குத் தர்க்கம் வராது என்று யூரிமாரிடம் சொன்னதும் உண்டு. அவமதிப்பு அவருக்கு, தண்டனை அவருடைய கட்சிக்காரருக்கு.

1893ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சிகாகோ உலகக் கண்காட்சியோடு ஒரு சட்டச் சீர்திருத்த மாநாடு நடைபெற்றது. அங்கே அம்மையார் தமது திட்டத்தை முன்வைத்தார். அதன் சாரம் எளிமையானது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்று சட்டம் சொல்கிறது. அப்படியாயின், அவரைக் குற்றவாளியென்று காட்ட அரசு பொதுப் பணத்தைச் செலவிடும்போது, அவர் நிரபராதியென்று காட்டவும் அதே அரசு செலவிட வேண்டும். வழக்குத்தொடுநருக்குச் சமமான தகுதியும் வசதியும் கொண்ட ஒருவர் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். அது தருமம் அன்று, உரிமை.

ஒரு வைத்தியராக எனக்கு இந்த வாதம் உடனே விளங்குகிறது. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைக்கு வரும் நோயாளியிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டபின் நாம் சிகிச்சை ஆரம்பிப்பதில்லை. அதை நாம் பிச்சையாகக் கொடுப்பதுமில்லை, அவர் பிச்சையாக வாங்குவதுமில்லை.

சிகாகோவோடு அவர் ஓயவில்லை. 1897இல் சட்டச் சஞ்சிகையொன்றில் இது பற்றி விரிவாக எழுதினார். மாதிரி மசோதா ஒன்றை வரைந்து பல மாநிலச் சட்டசபைகளில் முன்வைக்கச் செய்தார். தண்டனை பெற்றவர்களை நிபந்தனையின் பேரில் விடுவிக்கும் முறை கலிபோர்னியாவில் வருவதற்கும், இளம் கைதிகளை முதிர்ந்த கைதிகளிடமிருந்து பிரித்து வைப்பதற்கும் பாடுபட்டார். சன் டியாகோவில் நாளிதழ் நடத்தினார். நியூயோர்க்கில் சில காலம் தொழில் புரிந்தார். 1906ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியின் பின் சன் பிரான்சிஸ்கோவை விட்டு லொஸ் ஏஞ்சலிஸ் சென்று குடியேறினார். பணக் கஷ்டம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. புகழில் அவருக்கு ஆசையும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

1910இல் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் துணை வழக்குத்தொடுநராக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் அப்பதவியை வகித்த முதற் பெண் அவர். எதிரிகளின் பக்கம் நின்றவர் அரசின் பக்கம் போய்விட்டாரே என்று சிலர் வியக்கலாம். இரு தரப்பும் நேர்மையாக நடைபெற வேண்டும் என்பதே அவருடைய கொள்கையாதலால் இதில் முரண்பாடு இல்லை. அடுத்த ஆண்டு, 1911இல், அவர் பல்லாண்டு காலம் பேசிவந்த வாக்குரிமை கலிபோர்னியப் பெண்களுக்குக் கிடைத்தது. எமது நாட்டுப் பெண்களுக்கு அது 1931இல் கிடைத்தது.

லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் தனது புதிய சாசனத்தில் பொதுப் பாதுகாவலர் பதவியைச் சேர்த்துக்கொண்டது. 1914 ஜனவரியில் அமெரிக்காவின் முதலாவது பொதுப் பாதுகாவலர் அலுவலகம் அங்கு திறக்கப்பட்டது. அதன் தலைவர் வோல்டன் வூட் என்பவர். யோசனை முன்வைக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. 1921இல் கலிபோர்னியா முழுவதற்குமான சட்டம் வந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் பொதுப் பாதுகாவலர் நியமிக்கப்படுகிறார். சன் பிரான்சிஸ்கோவில் மட்டும் மக்களே வாக்களித்து அவரைத் தெரிவு செய்கிறார்கள். புளோரிடா, டென்னசி ஆகிய மாநிலங்களிலும் அவ்வாறே. குற்றஞ்சாட்டப்பட்டவர்களைக் காப்பதற்காகப் பொதுமக்கள் வாக்களிப்பது எத்தனை அபூர்வமான காரியம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அம்மையார் தமது எண்பத்தோராவது வயதில், 1930இல், ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் போட்டியிட்டார். வெல்லவில்லை. 1934 செப்டெம்பர் 2ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் காலமானார். பாரதூரமான குற்ற வழக்குகளில் வசதியற்ற எதிரிக்கு மாநிலங்கள் சட்டத்தரணியை வழங்கியே ஆகவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1963இல்தான். அதைக் காண அவர் இருக்கவில்லை. அவரை வாசலில் நிறுத்திய சட்டக் கல்லூரி, 1991இல், மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பின், அவருக்குப் பட்டம் வழங்கியது. 2002இல் லொஸ் ஏஞ்சலிஸ் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

எமது நாட்டிலும் 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அப்படியொன்று இருப்பதை அறியாமலே நீதிமன்றப் படியேறுபவர் இன்றும் உள்ளனர். எமது பழைய மாணவிகளுள் சட்டத்தரணிகளும் ஆசிரியைகளும் கிராமங்களில் பணிபுரியும் உத்தியோகத்தர்களும் பலர். உங்களிடம் வரும் ஓர் ஏழைக்கு அந்த அலுவலகத்தின் வழியைக் காட்டிவிட்டால் அதுவே பெரிய உதவி. எதிரிக்குச் சட்டத்தரணி இல்லாத வழக்குகளில் சாட்சி சொல்ல நேரும்போது, எனது அறிக்கையில் ஒரு வரியை இப்போது நான் தவறாமல் சேர்க்கிறேன்: இக்காயம் வேறு எவ்வாறெல்லாம் ஏற்பட்டிருக்கக் கூடும் என்பது. சாரத்தின் முனையைப் பிடித்தபடி நின்ற அந்த மனிதருக்கு அது இனி உதவாது.