குழாய்க்குள் பாடிய கோஹர் ஜான்

கல்கத்தா நகரம். 1902-ம் ஆண்டு நவம்பர் மாதம்.

ஓர் ஓட்டல் அறையில் பெரிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு அருகே ஒரு பெண் உரத்த குரலில் பாடினார். குழாயின் மறுமுனையில் மெழுகுத் தட்டு சுழன்றது. பாட்டுக்கு ஏற்ப, ஊசி அதில் கோடு கிழித்துக்கொண்டே போனது.

சுமார் 3 நிமிடத்தில் பாட்டு முடிந்தது. முடித்த கையோடு அந்தப் பெண் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்.

அவர்தான் கோஹர் ஜான். இசைத்தட்டில் பாடி இந்தியா முழுவதும் புகழ் பெற்ற முதல் பாடகி. அப்போது அவருக்கு வயது 29.

அந்தத் தட்டைக் கேட்டு வியந்தவர்கள் உண்டு. முகம் சுளித்தவர்களும் உண்டு. பாட்டைப் பெட்டியில் அடைக்கலாமா, கூடாதா என்ற வாதம் நாட்டில் பிறந்தது அப்போதுதான்.

ஏஞ்சலினா என்ற சிறுமி

கோஹர் ஜான் 1873-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பிறந்தார். ஊர், வடநாட்டில் உள்ள ஆசம்கார். பெற்றோர் வைத்த பெயர் ஏஞ்சலினா. தந்தை ராபர்ட் வில்லியம் இயோவர்ட், ஆர்மீனிய இனத்தவர். தாய் விக்டோரியா. இசையும் நாட்டியமும் அறிந்தவர்.

மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாய் மகளை அழைத்துக்கொண்டு காசிக்குச் சென்றார். அங்கே இருவரும் இஸ்லாம் மதத்தில் சேர்ந்தார்கள். தாய், மல்கா ஜான் ஆனார். ஏஞ்சலினா, கோஹர் ஜான் ஆனார்.

1883-ல் இருவரும் கல்கத்தா போனார்கள். நாட்டை இழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா அப்போது அந்த நகரில்தான் வாழ்ந்தார். அவர் சபையில் மல்கா ஜானுக்கு இடம் கிடைத்தது. கோஹருக்குப் பெரிய வித்வான்கள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். புகழ் பெற்ற பிந்தாதீன் மகராஜ் கதக் நடனம் கற்பித்தார்.

1887-ல் தர்பங்கா மகாராஜாவின் அரண்மனையில் கோஹர் ஜான் அரங்கேறினார். அப்போது வயது 14. அதன் பிறகு ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் அவருக்கு ஆள் அனுப்பி அழைத்தார்கள்.

லண்டனில் இருந்து வந்த பெட்டி

1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனி பிரடெரிக் கெய்ஸ்பர்க் என்பவரைக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பியது. அந்தந்த நாட்டுப் பாட்டைப் பதிவு செய்து, அந்தந்த நாட்டிலேயே விற்பது கம்பெனியின் திட்டம்.

கல்கத்தாவில் முதலில் பாடியவர்கள் சசிமுகி, பணிபாலா என்ற இரண்டு நாடகப் பெண்கள். அவர்கள் பாட்டு கெய்ஸ்பர்க்குக்குத் திருப்தி தரவில்லை. பெரிய பாடகர் யார் என்று விசாரித்தார். கோஹர் ஜானின் பெயரைச் சொன்னார்கள்.

கோஹர் ஜான் பரிவாரத்தோடு வந்தார். உடலெல்லாம் நகை. ஒவ்வொரு முறை வரும்போதும் புது ஆடை, புது நகை. ஒரு முறை அணிந்ததை மறு முறை அணியவில்லை என்று கெய்ஸ்பர்க் வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

மைக் வைத்துத் தட்டில் பதியும் முறை வந்தது 1925-ல்தான். அதுவரை, குழாய்க்குள் வாயை வைத்தாற்போல நின்று கத்திப் பாட வேண்டும். தலையை ஆட்டக் கூடாது. கையை வீசக் கூடாது. சற்று விலகினாலும் பாட்டு தட்டில் விழாது.

மெழுகுத் தட்டுகள் கப்பலில் ஜெர்மனிக்குப் போயின. அங்கே ஹனோவர் நகரத் தொழிற்சாலையில் அவற்றை வைத்து அரக்குத் தட்டுகள் செய்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு நம் பாஷை தெரியாது. தட்டு யாருடையது என்று அவர்கள் அறிந்துகொள்ளத்தான் பாடகர்கள் முடிவில் பெயர் சொன்னார்கள்.

1903-ல் அந்தத் தட்டுகள் இந்தியாவுக்கு வந்து விற்பனையாயின.

கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள்?

வித்வான்கள் பலர் பயந்தார்கள். இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும் என்று சிலர் நம்பினார்கள். குருவிடம் பல வருஷம் பணிந்து கற்ற வித்தை கடைத்தெருவுக்கு வந்துவிடுமே என்று சிலர் வருந்தினார்கள். பணம் கொடுத்துத் தட்டு வாங்கும் எவனும் திருப்பித் திருப்பிப் போட்டுத் திருடிக்கொள்வானே என்பது மற்றவர்களின் கவலை.

ரசிகர்களின் குறை வேறு. ஒரு ராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பாடுவதைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். 3 நிமிடத்தில் என்ன பாட முடியும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வியே.

கோஹர் ஜான் அதற்குத் தம் பாட்டாலேயே பதில் சொன்னார். ராகத்தைச் சில விநாடியில் கோடி காட்டினார். உடனே பாட்டைப் பிடித்தார். நடுவில் துரித சங்கதிகளை மின்னல் போல உதிர்த்தார். நேரம் முடியும்போது பாட்டும் முடிந்தது.

மரக்காணம் உப்பளத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இடையஞ்சாவடிப் பக்கமிருந்து கடலோரமாக வடக்கே போனால், பாத்தி பாத்தியாக உப்பளம் தெரியும். பாத்தி நிறைய உப்புநீர் பாய்ச்சுகிறார்கள். வெயிலில் நீர் வற்றி அடியில் உப்பு தங்குகிறது. அந்த உப்பில் கடலின் அலை இல்லை, பரப்பு இல்லை. ஆனால் கடலின் ருசி இருக்கிறது. இரவெல்லாம் பாடும் ராகத்தைக் கோஹர் ஜான் அப்படித்தான் 3 நிமிட உப்பாக்கினார்.

வீட்டுக்குள் வந்த பாட்டு

அதுவரை கோஹர் ஜானின் பாட்டைக் கேட்டவர்கள் யார்? மகாராஜாக்கள், ஜமீன்தார்கள், பணக்கார ஆண்கள். நாட்டியப் பெண்ணின் கச்சேரிக்குக் குடும்பப் பெண்கள் போக முடியாது. ஏழைக்கு வாசலிலும் இடம் கிடையாது.

இசைத்தட்டு அந்தக் கதவைத் திறந்தது. தெருவில் ஒரு வீட்டில் கிராமபோன் இருந்தால் போதும். உள்ளே பெண்கள் கேட்டார்கள். திண்ணையில் வழிப்போக்கர் கேட்டார். பாடகியை நேரில் பார்த்தால் ஒதுங்கிப் போயிருக்கக் கூடியவர்களும் பாட்டை ஒதுக்கவில்லை.

தட்டுகள் நன்றாக விற்றன. 1908-ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. கோஹர் ஜானின் படம் தீப்பெட்டியில்கூட வந்தது. பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 பாட்டுகளை அவர் பதிவு செய்தார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக டெல்லியில் தர்பார் நடந்தபோது, அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடினார்.

தமிழ்நாட்டிலும் தொடக்க காலத்தில் துணிந்து தட்டில் பாடியவர்களில் பெண்கள் பலர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் தட்டுகள் பெயர் பெற்றவை. 1912-ல் இந்தியா வந்த மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசை அமைப்பாளர் தாயியின் தட்டில் மனத்தைப் பறிகொடுத்தார். அதை ஆதாரமாகக் கொண்டு ராகமாலிகா என்ற பெயரில் ஒரு பாட்டே அமைத்தார். தமிழ்ப் பெண்ணின் குரல் பாரிஸ் நகரம் வரை போனது ஓர் அரக்குத் தட்டின் மூலமாகத்தான்.

செல்வம் போனது

கோஹர் ஜான் சம்பாதித்ததும் அதிகம். செலவழித்ததும் அதிகம். வளர்ப்புப் பூனை குட்டி போட்டதற்கு 20,000 ரூபாய் செலவில் விருந்து வைத்தார் என்று கதையாகச் சொல்வார்கள்.

1906-ல் தாய் இறந்தார். அதன் பிறகு வாழ்க்கையில் துன்பம் சூழ்ந்தது. சொத்துக்காக ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். தாம் யாருடைய மகள் என்பதையே கோஹர் ஜான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்தது. பல வருஷமாகப் பிரிந்திருந்த தந்தையைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தார். வழக்கு வென்றது. ஆனால் மனம் நொந்தது. பின்னர் செய்துகொண்ட திருமணமும் நிலைக்கவில்லை. அதுவும் கோர்ட்டு வாசலில் முடிந்தது. வீடும் பணமும் கரைந்தன.

ஊர் ஊராக அலைந்தவருக்குக் கடைசியில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவு கொடுத்தார். 1928-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி அவரை அரண்மனைப் பாடகியாக நியமித்தார். மாதச் சம்பளம் 500 ரூபாய்.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 1930-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி மைசூரில் கோஹர் ஜான் காலமானார். வயது 56. உற்றார் உறவினர் யாரும் அருகில் இல்லை.

எது நின்றது?

நகைகள் போயின. கல்கத்தா மாளிகை போயிற்று. நின்றவை அந்த அரக்குத் தட்டுகள். கீழே விழுந்தால் உடைந்துபோகும் பொருள்தான். ஆனாலும் சேகரிப்பவர்கள் அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்கள். அவற்றில் பல இன்று புதிய முறையில் மறுபதிவு ஆகியிருக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே அந்தக் கணீர்க் குரல் இப்போதும் கேட்கிறது.

இயந்திரம் குரலைத் தின்றுவிடும் என்று பயந்து, கடைசிவரை பாட மறுத்த மேதைகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது. பயப்படாமல் குழாய்க்கு முன்னால் நின்றவரின் பாட்டை நூறு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தையும் கேட்கிறது.