அத்தர்க் கலைக்கு நூல் தந்த அறிஞர் அல்கிந்தீ

ஜும்ஆ நாளில் குளித்து, தூய ஆடை உடுத்தி, அத்தர் பூசிப் பள்ளிவாசலுக்குச் செல்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆனால் அந்த நறுமணத்தை வடித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்து நூலாக்கிய பேரறிஞரை நம்மில் அறிந்தோர் சிலரே. அவர்கள்தாம் அபூயூசுப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தீ.

கி.பி. 801ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த அன்னார், கிந்தா என்னும் புகழ்பெற்ற அரபுக் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். தந்தையார் கூபா நகரின் ஆளுநராக இருந்தவர். பக்தாதில் கல்வி கற்ற அல்கிந்தீ, கலீபா மஃமூனின் ஆதரவைப் பெற்றார்கள். அடுத்து வந்த கலீபா முஃதஸிம், தம் மகன் அஹ்மதுக்கு அவர்களையே ஆசிரியராக அமர்த்தினார். தத்துவம், கணிதம், மருத்துவம், வானியல், இசை எனப் பல துறைகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார்கள். அரபிகளின் தத்துவஞானி என்ற பட்டம் அவர்களுக்கே உரியதாயிற்று.

வாசனைத் திரவியங்களையும் வடித்தலையும் பற்றி அவர்கள் பெயரால் வழங்கும் நூலில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. துருக்கியில் பாதுகாக்கப்பட்டிருந்த அதன் கையெழுத்துப் பிரதி, 1948இல் ஜெர்மனியில் அச்சேறியது. மலர்களை நீருடன் பாத்திரத்திலிட்டுச் சூடேற்றினால், மணம் ஆவியோடு மேலெழும். மேலே பொருத்திய மூடியில் அது குளிர்ந்து, குழாய் வழியே துளித்துளியாக இறங்கும். பன்னீர் பிறப்பது இவ்வாறுதான். கஸ்தூரி, அம்பர் இரண்டையும் எண்ணெயில் குழைத்துச் செய்யும் 'காலியா' அக்காலத்துச் செல்வர்களின் வாசனை. அதற்குரிய எண்ணெய், நம் முருங்கையின் இனமான 'பான்' மரத்தின் விதையில் எடுக்கப்பட்டது.

கஸ்தூரி திபெத்திலிருந்தும், கற்பூரம் சுமத்ராவிலிருந்தும் வரவேண்டும். விலையோ மிக அதிகம். ஆகவே மலிவான பொருள்களைக் கொண்டு அவற்றைப் போலச் செய்யும் வழிகளும் அந்நூலில் உள்ளன. இதைக் கொண்டு அன்னாரை ஏமாற்றுக்கு உடந்தையானவர் என எண்ணலாகாது. பொன் செய்வோம் என்று கூறித் திரிந்தோரின் புரட்டை மறுத்துத் தனி நூல் எழுதியவர்களும் அவர்களே. போலியைச் செய்யும் விதம் தெரிந்தால்தான் போலியை இனங்காணவும் முடியும். செய்பொருளைச் செய்பொருள் என்று சொல்லி விற்பது வியாபாரம். அசல் என்று சொல்லி விற்பதே மோசடி.

கலீபா முதவக்கில் ஆட்சியில் (847–861) அன்னாருக்குச் சோதனை வந்தது. பொறியியல் வல்லுநர்களான மூஸாவின் மைந்தர்கள் பொறாமையால் கோள் சொன்னார்கள். அல்கிந்தீ அடிக்கப்பட்டார்கள், அவர்களது நூலகம் முழுவதும் பறிபோனது. பின்னர் அம்மைந்தர்கள் பொறுப்பேற்ற கால்வாய் வேலை பிழையாகி, அவர்களது உயிருக்கே ஆபத்து வந்தது. கால்வாயைச் சோதிக்க அழைக்கப்பட்டவர் வானியல் அறிஞர் ஸனத் இப்னு அலீ. தம்மைக் காக்குமாறு அவரிடம் அவர்கள் மன்றாடினார்கள். முதலில் அல்கிந்தீயின் நூல்களைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு பேசலாம் என்று அவர் சொல்லிவிட்டார். நூல்கள் உரியவரிடம் மீண்டன. வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ இதனைப் பதிவு செய்துள்ளார்.

873 வாக்கில் பக்தாதில் அல்கிந்தீ காலமானார்கள்.

வாசக நேயர்களே! மேனியில் பூசிய அத்தர் மாலைக்குள் மறைந்துவிடும். அத்தர் விற்பவரின் நேர்மையும், பிறர் உரிமைக்காக நின்றவரின் நற்செயலும் மறைவதில்லை. அல்லாஹ் நம் உடைகளைப் போலவே நம் கொடுக்கல் வாங்கலையும் மணக்கச் செய்வானாக! ஆமீன்.